ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த குவளை

பல்லுக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். எதிரே இருப்பவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மேல்வரிசையில் எது சாய்ந்திருக்கிறது, எது கட்டிய பல் என்று தெரிந்துகொண்டுவிடுவார். இருபத்தாறு வருடம் பொய்ப்பல் செய்த மனிதர், அந்தப் புத்தி எங்கே போகும்? எங்கள் அருங்காட்சியகத்தின் பின்கட்டில் பானைகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கு அவர் வந்த முதல் நாள், என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, "இடது பக்கம் கடைவாய்ல ஒண்ணு ஆடுதா உங்களுக்கு?" என்பதுதான். ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

நான் உடைந்த பானைகளை ஒட்டுகிறவள். தோண்டி எடுத்த ஓட்டுச் சில்லுகள் பை பையாக என் மேசைக்கு வரும். எது எதோடு சேரும் என்று நாள் கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒட்டுவேன். அவர் எனக்கு 'பசை' என்று பெயர் வைத்தார். நான் சும்மா இருப்பேனா, 'பல்லுக்காரர்' என்று வைத்தேன். இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டன. எங்கள் சொந்தப் பெயர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தன.

எங்கள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். வெயில் பட்டால் ஸ்கேனருக்குக் கண் கூசுமாம், அதில் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தார். ஒரு பக்கம் என் பசை நாற்றம், மறுபக்கம் அவர் பிசின் நாற்றம். நடுவில் ஒரு சுழல்மேடை. ஒட்டி முடித்த பானையை நான் அதன்மேல் வைப்பேன். மேடை மெல்லச் சுழல, ஸ்கேனரிலிருந்து வரும் ஒளிக்கோடுகள் பானையின் மேல் ஊர்ந்து போகும். ஒரு சுற்று முடிந்ததும் கவிழ்த்து வைத்து அடிப்பாகம். பிறகு இரண்டையும் திரையில் ஒன்றாக்குவார். கழுத்து குறுகிய பானைகளின் உள்ளே ஒளி போகாது. அதற்குப் பழைய தொழிலிலிருந்து கொண்டுவந்த சின்னக் கண்ணாடியை, பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே அதை, உள்ளே விட்டுப் பிடிப்பார். திரையில் தயாரான உருவம் முப்பரிமாணப் பிரிண்டரில் பிசினாக அடுக்கடுக்காக எழும்பி வரும். அதற்கு ரப்பரில் அச்சு எடுத்து, சுண்ணக்கலவை ஊற்றி, வர்ணம் பூசிவிட்டால் நகல் தயார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தொட முடியாத பிள்ளைகள் இதைத் தொட்டுப் பார்க்கலாம்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு ஒரு பிரதி எடுத்து அதில்தான் வேலை. எதைச் சேர்த்தோம், எதைச் சரிசெய்தோம் என்று குறிப்பு எழுத வேண்டும். நான் நிஜப் பானையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடாமல் அவரை இரண்டு மணி நேரம் காக்க வைத்த நாட்களும் உண்டு. அவ்வளவு கண்டிப்பானவள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு.

அப்போதுதான் அந்தக் குவளை வந்தது. பதினேழு சில்லுகள். ஒட்டியதும் கிட்டத்தட்ட முழுதாகவே கிடைத்துவிட்டது. கைப்பிடி இல்லாத, இரண்டு கையில் அடங்குகிற, தண்ணீர் குடிக்கும் குவளை. செங்காவி நிறத்தில் பூச்சு, அதன்மேல் கூழாங்கல்லால் தேய்த்த மெருகு. ஒரு பாதி அவ்வளவு அழகு. மறுபாதியைப் பார்த்தால் கோணல். விரல் நுழைகிற மாதிரி இரண்டு பள்ளம், அதற்குச் சற்றுத் தள்ளிக் கீழே அகலமாக ஒரு குழிவு.

"யாரோ ஈரத்துல பிடிச்சு அமுக்கின மாதிரி இல்ல?" என்று பல்லுக்காரர்தான் முதலில் கேட்டார்.

நான் என் கையை வைத்துப் பார்த்தேன். "அண்ணே, கை வச்சா நாலு விரல் விழணும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் விழணும். இங்க ரெண்டுதான் இருக்கு. கட்டைவிரலே காணோம். காயறதுக்கு முன்னாடி எங்கயோ கீழே விழுந்து நசுங்கியிருக்கு, அவ்வளவுதான்."

அவரும் கையை வைத்துப் பார்த்தார். சேரவில்லை. "சரிதான்" என்றார்.

பல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். இடதுபக்க முன்பல் போய்விட்டால், வலதுபக்கப் பல்லின் அளவை அப்படியே திருப்பிப் போட்டுப் புதுப்பல் செய்வார்கள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. மென்பொருளிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பல்லுக்காரர் கோணல் பாதியை வெட்டி எடுத்தார். நல்ல பாதியைத் திருப்பி ஒட்டினார். திரையில் குவளை முழு வட்டமாக நின்றது. "பாத்தியா பசை, எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றார். குறிப்பில் "சுடுவதற்கு முன் விழுந்து நசுங்கியது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அவரைக் காக்க வைக்கவே இல்லை.

எங்கள் மேலதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் அதில் ஒரு கமாவாவது திருத்தித்தான் திருப்பிக் கொடுப்பார் என்பதால் அவரைக் கமா சார் என்போம், அவர் காதுபடாமல். "குயவர் மனசுல இருந்த வடிவத்தைத்தான் ஜனங்க பார்க்கணும்" என்றார். பள்ளிகளுக்கு அனுப்ப நூற்று நாற்பது நகல்கள் என்று முடிவானது. கூடவே வைக்க ஒரு சிறு புத்தகம். அதில் அந்தக் குவளைக்குக் கீழே, "முடியளவும் பிசகாத வட்டம்" என்று அவரே எழுதினார்.

இப்போது பல்லுக்காரரின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தையல்காரர். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின், வெட்டுமேசை, கதவுக்குப் பின்னால் ஊரில் பாதிப் பேருடைய மார்பளவு, இடுப்பளவு எழுதிய நோட்டுகள். துணியைத் தொட்டே எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவார். முப்பது வருடம் நூலைப் பல்லால் கடித்துக் கடித்து அவருடைய முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. ஊருக்கெல்லாம் பல் செய்கிறவர் மனைவியின் பல்லை விடுவாரா? அடைத்துத் தருகிறேன் என்று அது விழுந்த நாளிலிருந்து கெஞ்சியிருக்கிறார். "அது என் வேலை போட்ட பள்ளம். நீங்க யாரு அதை அடைக்க?" என்று அக்கா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

குவளையின் அச்சு எடுத்த மாதத்தில்தான் அக்காவின் இடது கையிலிருந்து கத்தரி நழுவத் தொடங்கியது. நரம்பு நோய். பெயர் நீளமாக இருந்தது. மருந்துச் சீட்டு அதைவிட நீளம். அரை வருடத்துக்குள் இடது கை துணியாகத் தொங்கிவிட்டது. பிறகு வலது கை. சுண்டுவிரலும் அடுத்த விரலும் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. கட்டைவிரல் எதிர்ப்பக்கம் வர மறுத்தது. மிச்சமிருந்தது இரண்டு விரலும் உள்ளங்கையின் அடியும்தான். அதுவும் ஒரு வருடம் இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொன்னார்.

அக்கா அழவில்லை, மிஷினுக்கு உறை போட்டு மூடச் சொன்னார், அவ்வளவுதான். சோறு ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிடுவார். ஆனால் தண்ணீரை மட்டும் யார் கையாலும் குடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். இருக்கிற டம்ளர் எல்லாம் வழுக்கும். மூன்று கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. பல்லுக்காரர் உறிஞ்சுகுழாய் வாங்கி வந்தார். "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?" என்று தள்ளிவிட்டார். இரண்டு காது வைத்த குழந்தைக் கோப்பை ஒன்று வாங்கி வந்தார். அக்கா அதை முழங்கையால் தட்டிவிட்ட வேகத்தில் அது அடுப்படிவரை உருண்டு போனது.

"தாகமே இல்லைங்கறா பசை" என்று என்னிடம் சொல்வார். தாகம் இல்லாமல் இருக்குமா? யாரிடமாவது கேட்க வேண்டுமே என்பதால் குடிக்கவில்லை. ஒருநாள் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் ஏறி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தண்ணி குடிக்கலைன்னா அடுத்த தடவை இவ்வளவு லேசா விடாது" என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தும் பிடிவாதம் பிடிவாதம்தான். எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். பல்லுக்காரர் தன் பழைய பெட்டியைத் திறந்து, பல் அச்சுக்குப் பயன்படும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகளை எடுத்தார். வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுற்றித் தடிமனாக ஒட்டினார். அக்காவின் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை பிடி."

"பிடிச்சா என்னைச் சும்மா விட்டுடுவீங்களா?"

"விட்டுடறேன்."

அக்கா ஆத்திரத்தோடு கையை நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினார். உடனே எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பல்லுக்காரர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மெழுகில் இரண்டு விரல் பள்ளம். சற்றுத் தள்ளிக் கீழே, உள்ளங்கை அடி பதிந்த அகலமான குழிவு. கட்டைவிரலுக்கு இடமே இல்லை. அவர் அதை என்னிடம் நீட்டினார்.

பதினேழு சில்லுகளையும் என் விரலால் தடவி ஒட்டியவள் நான். அந்த வடிவம் எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை பூட்டைத் திறந்ததும் குவளையை எடுத்து மணல் மெத்தையில் வைத்தோம். உருப்பெருக்கியை நான் பிடித்தேன். கூழாங்கல் மெருகின் கோடுகள் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கவில்லை. உள்ளே இறங்கி, மறுபக்கம் ஏறிப் போயின. விழுந்து நசுங்கிய குவளையைத் தூக்கி எறிவார்களே தவிர, நசுங்கிய இடத்துக்குள்ளும் உட்கார்ந்து மெருகு போடுவார்களா? பள்ளங்களின் ஓரங்களை ஈரவிரலால் வழித்து மழுக்கியிருந்தார்கள். இரண்டு பள்ளத்துக்குள்ளும் பூச்சு தேய்ந்து, மண் வெளுத்துத் தெரிந்தது. வருடக்கணக்காக யாரோ அங்கே பிடித்திருக்கிறார்கள்.

பிறகு என் பழைய ஆய்வுத்தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், என் மையில், நான்காவது வரி: "விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் தேய்மானம்." சாதாரணக் குவளையை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக் குடிக்கலாம், விளிம்பு சுற்றிலும் தேயும். இதை ஒரே விதமாகத்தான் பிடிக்க முடியும். அதனால் ஒரே இடத்தில்தான் உதடு பட்டிருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதிவிட்டு, கீழே "நசுங்கியது" என்பதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நம்ம கை நல்லா இருக்கு பசை. அதான் தெரியல" என்றார் பல்லுக்காரர். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, திட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

வெளியே நடைபாதையில் நூற்று நாற்பது பெட்டிகள் கட்டித் தயாராக அடுக்கியிருந்தன. புதன்கிழமை லாரி வரும்.

கமா சாரிடம் போனோம். பல்லுக்காரர் மெழுகு டம்ளரையும் என் ஆய்வுத்தாளையும் மேசையில் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கமா சார் பொறுமையாகத்தான் கேட்டார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டுக் கஷ்டத்தை நீங்க பானையில பார்க்கறீங்க" என்றார்.

"இருக்கலாம் சார். வீட்டுக் கஷ்டம் வர்றதுக்கு முன்னாடி நான் பல்லைத்தான் பானையில பார்த்தேன். அதைத் தப்புன்னு யாரும் சொல்லலையே."

கமா சார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கிற காகிதம் இங்கதான் இருக்கு. இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் மேல போகும். வீட்டுல இந்த நிலைமை. யோசிச்சுக்குங்க." மிரட்டல் இல்லை, அவர் அக்கறையாகவே சொன்னார். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"எழுத்துலயே கொடுக்கறேன் சார்."

"கையெழுத்து ரெண்டு பேரோடது. நானும் கொடுக்கறேன்" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

"மெருகுக்கோடு சரி, தேய்மானம் சரி. ஆனா ரெண்டு விரலால இதைப் பிடிச்சுக் குடிக்க முடியும்னு யார் காட்டுவாங்க?" என்றார் கமா சார். "மூலக் கோப்புல இருந்து திருத்தாம ஒண்ணு பிரிண்ட் போடுங்க. யாராவது பிடிச்சுக் காட்டட்டும். அப்பறம் பேசலாம்."

யார் பிடித்துக் காட்டுவது என்று மூன்று பேருக்குமே தெரியும். பல்லுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், "அவளைக் காட்சிப்பொருளாக்க மாட்டேன்" என்றார். அது அவர் முடிவு. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவருக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டு, குவளையின் கதை முழுவதையும் சொன்னேன்.

அக்கா, "கை தவறி உடைஞ்சா?" என்று கேட்டார்.

"நகல் பிளாஸ்டிக் மாதிரிதான் அக்கா. உடையாது."

"அப்ப வர்றேன்."

மறுநாள் காலை நான்தான் வண்டி வைத்து அழைத்து வந்தேன். பல்லுக்காரர் வாசலில் எங்களைப் பார்த்ததும் என்னை முறைத்தார். அக்கா அவரை முறைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினோரு மணி நேரம் ஓடி பிரிண்டர் கொடுத்த குவளை, சாம்பல் நிறத்தில், கோணல் மாறாமல் மேசைமேல் இருந்தது. கமா சார் கதவருகே நின்றார். அக்கா அதைப் பார்க்கவில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் வலது கையால் மெல்லச் சுற்றித் தடவினார். பள்ளம் வந்ததும் கை நின்றது. ஒரு விரல் உள்ளே இறங்கியது. இரண்டாவது விரல் பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது. குழிவில் உள்ளங்கை அடங்காமல் பிதுங்கியது.

"இது எனக்குச் சேராது" என்றார்.

பல்லுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கமா சார் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லைம்மா. இவ்வளவு தூரம் வந்ததுக்கு—"

"இருங்க சார், நான் முடிக்கல." அக்காவின் விரல் இன்னும் அங்கேயே இருந்தது. "எனக்குச் சேராதுன்னுதான் சொன்னேன். இதைப் பிடிச்சவளுக்கு என்னைவிடச் சின்னக் கை. எவளோ எவனோ, எனக்குத் தெரியாது. இந்த ரெண்டாவது பள்ளத்துக்கு மேல தடவிப் பாருங்க. ஒரு மேடு பள்ளம் தட்டுப்படும். முதல்ல அங்கதான் குத்தியிருக்காங்க. எட்டல. அதை மூடிட்டு, கீழே இறக்கித் திரும்பக் குத்தியிருக்காங்க. நாங்க பிரிச்சுத் தைப்போமே, அது மாதிரி. ஆளைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, பிடிக்கச் சொல்லி, சரியில்லைன்னு மாத்தியிருக்காங்க." அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது விழுந்து நசுங்கினது இல்ல சார். அளவெடுத்துச் செஞ்சது."

நான் உருப்பெருக்கியோடு நிஜக் குவளைக்கு ஓடினேன். இரண்டாவது பள்ளத்துக்கு மேலே, பூச்சுக்கு அடியில், மூடிய பழைய பள்ளத்தின் விளிம்பு பிறைபோல லேசாகத் தெரிந்தது. நாற்பது தடவையாவது அதன்மேல் என் விரல் போயிருக்கும். கமா சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். நடைபாதைக்குப் போய், பெட்டிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவரிடம் லாரியை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னார். கமா சாரின் சட்டைப்பையில் அந்தச் சிறு புத்தகம் இருந்தது. அதை எடுத்து ஒரு முழு வரியை அடித்தார்.

அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பல்லுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்காதான் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எடுத்த அளவு சரியில்ல."

"ஏன்?"

"கோவத்துல பிடிச்சேன். கோவமா இருந்தா கை இறுகும். அந்த அளவுல செஞ்சா மத்த நேரம் சேராது." கொஞ்சம் நிறுத்தினார். "திரும்ப எடுங்க."

அந்த மனிதர் அன்றைக்குத்தான் அழுதார். அழுதுகொண்டே மெழுகு எடுக்க ஓடினார், மெழுகு வீட்டில் இருக்கிறது என்பது பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மூன்று தடவை அளவெடுத்தார்கள். அக்கா சுலபத்தில் விடவில்லை. இங்கே ஒரு நூல் ஆழம், அங்கே ஒரு நூல் தளர்த்தி என்று, தன்னிடம் வந்த வாடிக்கையாளர்கள் படுத்திய பாட்டையெல்லாம் அவரைப் படுத்தினார். பிசினில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால், பல்லுக்காரர் பிசினில் வெளிக்கூடு மட்டும் செய்து, உள்ளே எவர்சில்வர் டம்ளரைப் பொருத்தினார். முதல் நாள் நானும் இருந்தேன். அக்கா விரல்களைப் பள்ளத்தில் வைத்து, உள்ளங்கையை அழுத்தி, மெதுவாகத் தூக்கினார். பாதி வழியில் கை நடுங்கித் தாடையில் தண்ணீர் வழிந்தது. பல்லுக்காரர் துடைக்கப் போனார். அக்கா கண்ணாலேயே அவரை உட்கார வைத்தார். டம்ளர் முழுவதையும் குடித்துக் கீழே வைத்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

எங்கள் இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பல்லுக்காரருக்கு ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம்தான் கிடைத்தது, பிறகு அதுவும் நீண்டது. நூற்று முப்பத்தொன்பது நகல்களை உடைத்துப் போட்டோம். எஞ்சிய ஒன்றைக் கமா சார் தன் மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறார். பள்ளிகளுக்குக் கோணல் குவளைதான் போயிற்று. எல்லாப் பள்ளியிலிருந்தும் முதலில் ஒரே புகார், நசுங்கிய பொருளை அனுப்பிவிட்டீர்கள் என்று. கமா சார் ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் எழுதினார்.

அக்காவின் வலது கை பதினான்கு மாதம் தாங்கியது. விரல்கள் மாற மாற, பல்லுக்காரர் கூட்டை ஐந்து தடவை மாற்றிச் செய்தார். ஒவ்வொரு தடவையும் முன்னதை ஸ்கேன் செய்து தேதி போட்டு வைத்தார். எதையும் அழிக்கவில்லை. வரிசையாகத் திறந்தால் பள்ளங்கள் ஆழம் குறைந்து குறைந்து வருவது தெரியும். ஆறாவதற்கு மெழுகு இளக்கியபோது, அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். இப்போது அக்கா பல்லுக்காரர் கையால்தான் தண்ணீர் குடிக்கிறார். வேறு டம்ளர்களும் வீட்டில் இருக்கின்றன. ஆனால் அந்த ஐந்தாவது கூட்டைத்தான் எடுத்தார். தன்னுடைய பெரிய விரல்களை அக்காவின் பள்ளங்களில் வைத்தார். அவை சேரவில்லை, வெளியே பிதுங்கின. அவர் இடம் மாற்றிப் பிடிக்கவில்லை. அக்கா எந்தப் பக்கமாக உதடு வைத்துக் குடிப்பாரோ, அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் வாயருகே கொண்டுபோனார். அக்கா குடித்தார்.